அப்பா அம்மாவைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைப்பது எப்படி? விசா முதல் திரும்பும் பயணம் வரை

கேம்பிரிட்ஜில் படிக்க வந்து முதல் குளிர்காலம் கழிந்ததும் வீட்டிலிருந்து அந்தக் கேள்வி வந்துவிடும்: "நாங்க எப்பம்மா வந்து பாக்கறது?" ஆசையாகச் சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து தேடினால் தலை சுற்றும். விசா பற்றி ஒரு இடத்தில், தங்குமிடம் பற்றி இன்னொரு இடத்தில், ஊறுகாய் கொண்டுவரலாமா என்பதற்குப் பத்து பேரிடம் பத்து விதமான பதில். என் அப்பா அம்மாவை வரவழைத்தபோது நான் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக இங்கே எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து இந்தியக் கடவுச்சீட்டில் வருகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. ஆக்ஸ்ஃபோர்டு, டர்ஹம் போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கும் முதல் பாதி அப்படியே பொருந்தும்.

கட்டணங்கள் எல்லாம் 2025-இல் இருந்தவை. பிரிட்டன் அரசு விசாக் கட்டணத்தைப் பெரும்பாலும் ஏப்ரலில்தான் ஏற்றுகிறது. பணம் கட்டும் நாளில் அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் தேதி, அதுவும் பல்கலைக்கழக நாட்காட்டியைப் பார்த்து

பலரும் விமானக் கட்டணம் எப்போது மலிவு என்று பார்த்துத் தேதி குறிக்கிறார்கள். அது தப்பு. இந்த ஊர் முழுக்கப் பல்கலைக்கழக நாட்காட்டிப்படிதான் ஓடுகிறது. அறை வாடகை, கல்லூரிகளின் கதவு, உங்களுக்குக் கிடைக்கும் ஓய்வு மூன்றும் அதைப் பொறுத்தவை.

மூன்று பருவங்கள். மைக்கேல்மஸ் அக்டோபர் தொடக்கத்தில் ஆரம்பித்து டிசம்பர் முதல் வாரத்தில் முடியும். லெண்ட் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை. ஈஸ்டர் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுவரை. ஒவ்வொன்றிலும் வகுப்பு நடப்பது எட்டு வாரம்தான். அந்த எட்டு வாரத்தில் நீங்கள் மூச்சுவிட முடியாது. அப்போது வரவழைத்தால் அவர்கள் அறையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தவிர்க்க வேண்டிய காலங்கள்:

மே மாதமும் ஜூன் முதல் பாதியும். தேர்வு நேரம். பெரும்பாலான கல்லூரிகள் வெளியாட்களை உள்ளே விடுவதில்லை.

அக்டோபர் முதல் வாரம். புது மாணவர்களை விட வரும் பெற்றோர் கூட்டத்தில் விடுதி கிடைப்பது கஷ்டம்.

கிறிஸ்துமஸ் வாரம். டிசம்பர் 25 அன்று ரயில் ஓடாது, ஊருக்குள் பேருந்தும் அநேகமாக இருக்காது. கல்லூரி அலுவலகங்கள் புத்தாண்டு வரை மூடிக் கிடக்கும். மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும்.

என் கணக்கில் செப்டம்பர் முதல் பாதிதான் சிறந்தது. குளிர் தொடங்கியிருக்காது, பள்ளி விடுமுறைக் கூட்டம் கலைந்திருக்கும். அடுத்தது மார்ச் கடைசியும் ஏப்ரல் தொடக்கமும். அப்போது கல்லூரி அறைகளும் காலியாக இருக்கும், குளிர் மட்டும் மிச்சமிருக்கும். ஜூலை நல்ல மாதம்தான், ஆனால் "லண்டன்னா குளுகுளுன்னு இருக்கும்" என்று நம்பி வராதீர்கள். 2019 ஜூலையில் இதே ஊரின் தாவரவியல் பூங்காவில் 38.7 டிகிரி பதிவானது. நம் ஊர் வெயில்தான், ஆனால் இங்கே கூரையில் மின்விசிறி இருக்காது.

பட்டமளிப்புக்கு வருகிறார்கள் என்றால் தேதி உங்கள் கையில் இல்லை. இளநிலை மாணவர்களுக்குப் பெரிய பட்டமளிப்பு ஜூன் இறுதி, ஜூலை தொடக்கத்தில். முதுநிலை, முனைவர் பட்டங்களுக்கு ஆண்டு முழுவதும் வேறு சில நாட்கள் உண்டு. உங்கள் கல்லூரி தேதியை உறுதிசெய்த அன்றே அறை பதிவு செய்துவிடுங்கள், விசா வராவிட்டாலும் பரவாயில்லை. ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையாகப் பார்த்து எடுங்கள். பட்டமளிப்பு நடக்கும் செனட் ஹவுசுக்குள் போக விருந்தினர் சீட்டு எத்தனை என்று கல்லூரிதான் சொல்லும். சித்தப்பா, அத்தை எல்லோரையும் கூப்பிடுவதற்கு முன் அதைக் கேட்டுவிடுங்கள்.

2. யார் பணத்தில் வருகிறார்கள்?

விண்ணப்பத்தில் கைவைக்கும் முன் குடும்பத்தோடு பேசி இதை முடிவு செய்ய வேண்டும். படிவம், உங்கள் அழைப்புக் கடிதம், வங்கிக் கணக்கு மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். நிராகரிப்பு வாங்கியவர்களின் கடிதங்களைப் படித்துப் பார்த்தால் பணம் போதவில்லை என்பதைவிட, கணக்கு ஒத்துப்போகவில்லை என்பதுதான் அதிகம்.

மாணவர்கள் பாசத்தில் செய்யும் வேலை ஒன்று உண்டு: "எல்லாச் செலவும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கடிதம் எழுதுவது. உங்கள் உதவித்தொகை உங்களுக்கே இழுபறி என்பது அதிகாரிக்குத் தெரியாதா? அப்பா தன் பணத்தில் வருகிறார், உள்ளூரில் தங்கவும் சுற்றவும் நான் துணை இருக்கிறேன் என்று எழுதுவதே பெரும்பாலோருக்கு உண்மையும்கூட, நம்பும்படியும் இருக்கும்.

இவ்வளவு லட்சம் இருப்பு காட்ட வேண்டும் என்று விதியில் எந்தத் தொகையும் இல்லை. ஏஜெண்டுகள் சொல்லும் தொகைகள் அவர்களாகச் சொல்வது. பயணச் செலவு அவர்களுடைய வருமானத்துக்குப் பொருத்தமாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். மாதம் நாற்பதாயிரம் ஓய்வூதியம் வரும் கணக்கில் விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் திடீரென்று ஐந்து லட்சம் வந்து விழுந்தால் கேள்வி எழும். நிலம் விற்ற பணம், சீட்டு எடுத்த பணம், வைப்புநிதி முதிர்ந்த பணம் என்றால் அதற்கான காகிதத்தை இணைத்துவிடுங்கள். மாமாவிடம் கைமாற்றாக வாங்கிப் போட்டதென்றால் போடாமலிருப்பதே மேல்.

3. பெயர்

இதற்குத் தனித் தலைப்பா என்று நினைக்காதீர்கள். தமிழர்களுக்கு இதுதான் பெரிய குழி.

ஒரு குடும்பத்தை வைத்துச் சொல்கிறேன். அப்பா ச. முருகேசன். அவர் கடவுச்சீட்டில் பெயர் முருகேசன், குடும்பப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய அப்பா பெயர் சண்முகம். அம்மாவுக்குப் பெயர் செல்வி, குடும்பப்பெயர் முருகேசன். மகள் கவிதாவுக்குக் குடும்பப்பெயர் முருகேசன். நமக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. அங்கே உட்கார்ந்து பார்க்கிறவருக்கு, சண்முகம் என்ற குடும்பப்பெயர் உள்ள ஒருவர் முருகேசன் என்ற குடும்பப்பெயர் உள்ள பெண்ணைத் தன் மகள் என்கிறார். அதற்கு மேல் வங்கிப் புத்தகத்தில் எஸ். முருகேசன், ஓய்வூதிய ஆணையில் முருகேசன் எஸ்., பட்டாவில் வெறும் முருகேசன்.

செய்ய வேண்டியவை: உங்கள் பிறப்புச் சான்றிதழைக் கட்டாயம் இணையுங்கள், உறவுக்கு அதுதான் ஆதாரம். அப்பா அம்மாவின் திருமணச் சான்றிதழ் இருந்தால் அதுவும். அழைப்புக் கடிதத்தில், தமிழ்நாட்டில் தந்தையின் பெயரே பிள்ளையின் கடைசிப் பெயராக வரும், அதனால் எங்கள் குடும்பத்தில் பெயர்கள் இப்படி இருக்கின்றன என்று இரண்டு வரி எழுதுங்கள். படிவத்திலும் விமானச் சீட்டிலும் கடவுச்சீட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். குடும்பப்பெயர் இடம் காலியாக இருக்கும் கடவுச்சீட்டு என்றால், சீட்டு எடுக்கும் முன் விமான நிறுவனத்தைக் கூப்பிட்டு எப்படிப் போடுவது என்று கேளுங்கள்; ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாகச் செய்கிறது.

4. காகிதங்கள்

ஊரிலிருந்து வேண்டியவை: இப்போதைய கடவுச்சீட்டு, பழையவை இருந்தால் அவையும். ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், வைப்புநிதி ரசீதுகள். வேலையில் இருந்தால் விடுப்புக் கடிதமும் சம்பளச் சீட்டும். ஓய்வு பெற்றவர் என்றால் ஓய்வூதிய ஆணை. கடை வைத்திருந்தால் ஜிஎஸ்டி பதிவு. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்பவர் என்றால் அதன் நகல். சொந்த வீடு, நிலம் இருந்தால் பட்டா அல்லது வீட்டு வரி ரசீது. திரும்பி வரக் காரணம் இருக்கிறது என்று காட்டுவதுதான் இவற்றின் வேலை. ஊரில் படிக்கும் தம்பி, வீட்டில் இருக்கும் பாட்டி, நடக்கும் கடை எல்லாமே காரணம்தான். கடிதத்தில் சொல்லுங்கள்.

உங்களிடமிருந்து வேண்டியவை: அழைப்புக் கடிதம், கடவுச்சீட்டு நகல், நீங்கள் இங்கே மாணவர் என்று பல்கலைக்கழகம் தரும் கடிதம், உங்கள் விசா நிலையைக் காட்டும் பகிர்வுக் குறியீடு. விசா நிலையைக் காட்டிய பழைய பிளாஸ்டிக் அட்டை காலாவதியாகிவிட்டது. உங்கள் விசாவுக்கான இணையக் கணக்கில் போய்க் குறியீட்டை எடுக்க வேண்டும். அது 90 நாள்தான் செல்லும், அதனால் விண்ணப்பிக்கும் வாரத்தில் எடுங்கள். எங்கே தங்கப் போகிறார்கள் என்பதற்கும் ஒரு ஆதாரம்.

தமிழில் உள்ள எதையும் மொழிபெயர்ப்பு இல்லாமல் ஏற்றாதீர்கள். பட்டா, பழைய பிறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தந்த வருமானச் சான்றிதழ் எல்லாம் இதில் அடக்கம். மொழிபெயர்ப்பில், இது மூலத்தின் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்த்தவரின் முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் இருக்க வேண்டும். ஊரில் சிலர் வெறும் முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார்கள், வாங்கும்போதே சரிபாருங்கள்.

அள்ளிக் கொட்டவும் வேண்டாம். அறுபது பக்கக் கிரயப் பத்திரத்தை யாரும் படிக்கப் போவதில்லை. பட்டா ஒரு பக்கம் போதும்.

"பேங்க் ஸ்டேட்மெண்ட் நாங்களே ரெடி பண்ணித் தர்றோம் சார்" என்று எவராவது சொன்னால் அந்த அலுவலகத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். போலி ஆவணம் கொடுத்ததாகக் கண்டுபிடித்தால் பத்து ஆண்டுகள் வரை தடை விழும்.

5. விண்ணப்பம், கட்டணம், கைரேகை

படிவம் இணையத்தில். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, இரண்டு கட்டணம். ஆறு மாதச் சாதாரண வருகை விசா ஒருவருக்கு 127 பவுண்ட். இரண்டாண்டு விசா 475 பவுண்ட். நீங்கள் முனைவர் பட்டத்துக்கு வந்திருந்து அவர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள் என்றால் மட்டும் யோசியுங்கள். நீண்ட காலத்துக்குப் பணம் கட்டி அதிகாரி குறைந்த காலத்துக்குத் தந்தாலும் மிச்சப் பணம் திரும்பாது. எந்த விசாவாக இருந்தாலும் ஒருமுறை வந்தால் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

பயணத்துக்கு மூன்று மாதம் முன்னதாகத்தான் விண்ணப்பிக்க முடியும். கைரேகை கொடுத்தபின் முடிவு வரச் சாதாரணமாக மூன்று வாரம். கோடையில் கூட்டம் அதிகம், அதனால் இரண்டு மாதம் கையில் இருக்கும்படி தொடங்குங்கள். அவசரத்துக்கு 500 பவுண்ட் கூடுதலாகக் கட்டி ஐந்து வேலை நாளில் வாங்கும் வழியும் உண்டு. தேதியைச் சரியாகக் குறித்தவருக்கு அது வீண் செலவு.

படிவத்தைப் பெற்றோரையே நிரப்பச் சொல்லாதீர்கள், ஏஜெண்டிடமும் விடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் உட்கார்ந்து நீங்களே நிரப்புங்கள். கடந்த பத்தாண்டு வெளிநாட்டுப் பயணங்களைத் தேதியோடு கேட்பார்கள். அப்பா இருபது வருடம் துபாயில் வேலை பார்த்தவர் என்றால் பழைய கடவுச்சீட்டுகளைப் பரணிலிருந்து இறக்க வேண்டியிருக்கும். எந்த நாட்டிலாவது முன்பு விசா மறுத்திருந்தால் மறைக்கவே கூடாது.

பிறகு விசா விண்ணப்பங்களை வாங்கும் நிறுவனமான விஎஃப்எஸ்ஸின் மையத்தில் நேரம் வாங்கிக் கைரேகையும் புகைப்படமும். சென்னையிலேயே மையம் இருக்கிறது. ஆவணங்களை முன்கூட்டி நீங்களே இணையத்தில் ஏற்றிவிட்டால் காசில்லை. அங்கே போய் ஸ்கேன் செய்யச் சொன்னால் காசு. தனி அறை, குறுஞ்செய்தி என்று வரிசையாகப் பெட்டிகளைக் காட்டும் பக்கம் வரும். எதுவும் கட்டாயமில்லை, டிக் அடிக்காமல் கீழே போய்க்கொண்டே இருங்கள்.

ஏஜெண்டுகள் கிளப்பிவிடும் இரண்டு பயங்கள். ஒன்று, காசநோய்ப் பரிசோதனை வேண்டும் என்பது. ஆறு மாதம் வரை வருகிறவர்களுக்கு வேண்டியதில்லை. இன்னொன்று, விமானச் சீட்டு எடுத்தால்தான் விசா என்பது. முடிவு வரும்வரை சீட்டு எடுக்காதீர்கள் என்பதுதான் அரசு தரும் அறிவுரை. பயணத் தேதியை மட்டும் சொன்னால் போதும்.

விசா கடவுச்சீட்டில் ஒட்டும் காகிதத்திலிருந்து இணையக் கணக்குக்கு மாறிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு எந்த வகை என்பது முடிவுக் கடிதத்தில் இருக்கும். இணைய வகை என்றால் அவர்களுக்கான கணக்கை நீங்களே திறந்து கடவுச்சீட்டோடு இணைத்துவிடுங்கள். மறுத்துவிட்டால் மேல்முறையீடு கிடையாது, பணமும் திரும்பாது. கடிதத்தில் சொன்ன காரணத்தைச் சரிசெய்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கலாம்.

6. தங்குமிடம்

முதலில் உங்கள் கல்லூரியிலேயே கேளுங்கள். பெரும்பாலான கல்லூரிகளில் மாணவர்களின் விருந்தினருக்கென்று சில அறைகள் இருக்கின்றன. வெளி விடுதியைவிட வாடகை நன்றாகவே குறைவு. ஆனால் இத்தனை இரவுதான் என்று வரம்பு உண்டு, சீக்கிரம் நிரம்பிவிடும். விடுமுறைக் காலங்களில் கல்லூரிகள் மாணவர் அறைகளைக் காலை உணவோடு வெளியாருக்கும் வாடகைக்கு விடுகின்றன. வேறு கல்லூரியானாலும் இப்படித் தங்கலாம்.

பதிவு செய்யும்போது கேட்க வேண்டியது மூன்று. தரைத்தளமா? பழைய கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது, சுழல் படிக்கட்டு அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது. குளியலறை அறைக்குள்ளேயா, பொதுவா? இரண்டு கட்டிலா, ஒன்றா? இன்னொன்று, கழிவறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது. பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் மக் போடச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் அறையிலேயே தங்க வைக்கலாமா என்றால், இரண்டு மூன்று இரவுக்கு மேல் பல கல்லூரிகள் விடுவதில்லை; கல்லூரி வாசலைக் கவனிக்கும் போர்ட்டரிடம் பெயர் பதியாமல் தங்க வைக்கவும் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருப்பார்கள் என்றால் மில் ரோடு, செஸ்டர்டன், செரி ஹிண்டன் பக்கம் சமையலறையோடு வீடு பாருங்கள். மில் ரோட்டில் இந்திய, வங்கதேச மளிகைக் கடைகள் நடக்கும் தூரத்தில் இருப்பது பெரிய வசதி.

7. காப்பீடும் மருந்தும்

வருகை விசாவில் வருகிறவர்கள் தேசிய மருத்துவச் சேவைக்கு முன்பணம் கட்டுவதில்லை. அதனால் மருத்துவமனையில் சேர்த்தால் அரசு நிர்ணயித்த செலவில் ஒன்றரை மடங்கு வசூலிப்பார்கள். அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம், ஆனால் வார்டில் சேர்த்த நிமிடத்திலிருந்து மீட்டர் ஓடும். அதனால் பயணக் காப்பீட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய இதயச் சிகிச்சை எதையும் மறைக்காமல் சொல்லி, ஏற்கெனவே உள்ள நோய்க்கும் பொருந்தும் திட்டமாக எடுங்கள்.

மாத்திரைகள் முழுப் பயணத்துக்கும், அதற்கு மேல் இரண்டு வாரத்துக்கும். அட்டையைப் பிய்க்காமல், மருத்துவர் சீட்டோடு, கைப்பையில். சீட்டில் மருந்தின் வேதிப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். நம் ஊர் வணிகப்பெயர் இங்கே மருந்தாளருக்குப் புரியாது. அவசரம் இல்லாத தொந்தரவுக்கு 111, உயிர் போகும் அவசரத்துக்கு 999. ஊரின் பெரிய மருத்துவமனை ஆடன்புரூக்ஸ், அவசரப் பிரிவு அங்கேதான்.

8. பெட்டியில் என்ன வரலாம், எது வரக்கூடாது

இந்த இடத்தில் அம்மாக்களோடு சண்டை நிச்சயம். இந்தியாவிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரத் தடை. அதாவது நெய், பால்கோவா, பேடா, தயிர் எதுவும் கூடாது. "வீட்ல காய்ச்சின நெய்தானே" என்பது சுங்கத்தில் செல்லாது. காய்கறி, செடி, விதைக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். நடைமுறையில் கொண்டுவராதீர்கள் என்று அர்த்தம். சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, ஊறுகாய், வற்றல், முறுக்கு, புளி எல்லாம் தாராளமாக வரலாம். கருவாடும் வரலாம், மீனுக்கு 20 கிலோ வரை அனுமதி. மூன்று பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டுங்கள், மற்றப் பயணிகளும் மனிதர்கள்தானே.

துபாய், தோஹா வழியாக வருகிறார்கள் என்றால் கசகசாவைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். வளைகுடாவில் அது போதைப்பொருள் கணக்கில் வருகிறது. குருமாப் பொடியில் கலந்திருந்தாலும் சிக்கல்தான்.

மின்சாரம் நம் ஊர் அளவுதான், செருகி மட்டும் வேறு: மூன்று சதுர முனை. அடாப்டர் இரண்டு.

9. ஹீத்ரோவிலிருந்து கேம்பிரிட்ஜ்

இந்தியக் கடவுச்சீட்டுக்குத் தானியங்கி வாயில் கிடையாது, அதிகாரியிடம் போக வேண்டும். யாரைப் பார்க்க, எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள், திரும்பும் சீட்டு எங்கே, இவ்வளவுதான் கேட்பார்கள். அழைப்புக் கடிதம், முகவரி, திரும்பும் சீட்டு, காப்பீடு நான்கையும் ஒரு உறையில் போட்டு அம்மாவின் கைப்பையில் இருக்கட்டும். பெட்டிக்குள் வைத்தால் பெட்டி அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும். ஆங்கிலம் தயக்கமென்றால், ஒரு தாளில் உங்கள் பெயர், கைபேசி எண், கல்லூரி, முகவரியைப் பெரிதாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பெட்டிகளோடு வரும் பெரியவர்களுக்கு நேஷனல் எக்ஸ்பிரஸ் பேருந்துதான் என் தேர்வு. ஹீத்ரோவில் ஏறினால் ஊர் நடுவில் பார்க்சைடில் இறக்கிவிடும், நடுவில் மாற வேண்டாம். இரண்டரை மணியிலிருந்து மூன்றரை மணி வரை ஆகலாம். ஒருவருக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 20 கிலோ வரை. விமானத்தின் 23 கிலோவுக்கு நிரப்பிய பெட்டி இங்கே விதிப்படி கூடுதல். விமானம் இறங்கும் நேரத்துக்கும் பேருந்துக்கும் இடையே இரண்டு மணிக்குக் குறையாமல் விடுங்கள். குடியேற்ற வரிசை நீண்ட நாளில் அதுவும் இறுக்கம்தான்.

ரயில் வேகம். சுரங்க ரயிலின் பிக்கடிலி பாதையில் கிங்ஸ் கிராஸ் நிலையம், அங்கிருந்து விரைவு ரயிலில் ஏறத்தாழ 50 நிமிடம். அதே நிலையத்திலிருந்து எல்லா ஊரிலும் நின்று நின்று போகும் வண்டியும் உண்டு, பார்த்து ஏறுங்கள். சுரங்க ரயிலில் வங்கி அட்டையைத் தட்டிப் போகலாம், ஆனால் ஒருவருக்கு ஓர் அட்டை வேண்டும். அப்பாவின் அட்டையை அம்மாவுக்கும் சேர்த்து இருமுறை தட்டினால் வேலை செய்யாது. கேம்பிரிட்ஜ் ரயிலுக்குத் தனியாகச் சீட்டு எடுங்கள். செல்லாத சீட்டில் பிடிபட்டால் அபராதம் 100 பவுண்ட், அதோடு கட்டணமும். 21 நாளுக்குள் கட்டினால் அபராதம் பாதி. வாடகைக் கார் என்றால் நூறு பவுண்டைத் தாண்டிவிடும்.

இருவரும் அறுபது தாண்டியவர்கள், லண்டன் பக்கம் சில முறை போய்வரத் திட்டம் இருக்கிறது என்றால் முதியோர் ரயில் அட்டை வாங்குங்கள். 35 பவுண்ட், கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. வெளிநாட்டவரும் கடவுச்சீட்டைக் காட்டி வாங்கலாம். அதைவிட மலிவு, இருவரும் சேர்ந்தே பயணம் செய்ய ஒரே அட்டை; அதுவும் 35 பவுண்ட்தான். வார நாட்களில் காலை நெரிசல் நேரம் கழிந்தபின் கிளம்பினால் சீட்டே மலிவு.

10. ஊருக்குள்

பேருந்தில் ஒருமுறை போக அதிகபட்சம் 3 பவுண்ட். முதியோர் இலவசப் பயணம் இங்கே வசிப்பவர்களுக்கு மட்டும். ஊர் நடு சின்னது, பெரும்பாலும் நடைதான். ரயில் நிலையத்திலிருந்து நடுப்பகுதிக்கு இருபது நிமிடத்துக்கு மேல் நடை. பெட்டியோடு முயல வேண்டாம்.

உண்மையான ஆபத்து சைக்கிள். சத்தமே இல்லாமல் வரும், சில ஒருவழித் தெருக்களில் எதிர்த்திசையிலும் வர அனுமதி உண்டு. ஹாரன் கேட்டு விலகிப் பழகிய நம்மவர்கள் நடைபாதையிலிருந்து சட்டென்று இறங்குவார்கள். முதல் நாளே சொல்லிவையுங்கள்.

பெரிய கடைகள் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கும், மாலை நான்கு ஐந்துக்கு மூடிவிடும். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். அம்மா நம்ப மாட்டார், கெட்டிலில் காய்ச்சிக் கொடுங்கள். ரொக்கம் கொஞ்சம் போதும். ஊரில் கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிடச் சொல்லுங்கள், இந்திய சிம்மில் ஓடிபி வரும்படி ரோமிங்கும் வேண்டும். இங்கே பேச ஒரு ப்ரீபெய்டு சிம் தனியாக.

11. தாளிப்பும் தீ அலாரமும்

சிரிக்காதீர்கள். மாணவர் விடுதிச் சமையலறைகளின் உணர்கருவிகள் வெப்பத்துக்கோ புகைக்கோ அடித்துவிடும். எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்து, காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டதும் எழும் நெடி போதும். அலாரம் அடித்தால் கட்டடத்தில் இருக்கும் எல்லோரும், குளித்துக்கொண்டிருந்தவர் துண்டோடும், வெளியே வந்து புல்வெளியில் நிற்க வேண்டும். போர்ட்டர் வந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை யாரும் உள்ளே போக முடியாது. அம்மா அன்று முழுக்க யார் முகத்தையும் பார்க்க மாட்டார்.

புகைபோக்கி விசிறியை முதலில் போட்டு, ஜன்னலைத் திறந்து, சமையலறைக் கதவை மூடிவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்தால் புகை நடைவழிக்குப் போகும், அங்கே இருக்கும் கருவி இன்னும் உணர்ச்சிவசப்படும். சில விடுதிகளில் மின்சாரக் குக்கர், அறைக்குள் சமையல் எல்லாம் தடை, ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

12. என்ன பார்க்கலாம்

கல்லூரிக்குள் போகப் பலவற்றில் கட்டணம் உண்டு. உங்கள் பல்கலைக்கழக அட்டையைக் காட்டினால் விருந்தினரைக் கட்டணமில்லாமல் கூட்டிப்போகப் பல கல்லூரிகள் விடுகின்றன. எத்தனை பேர் என்று வாசலில் கேளுங்கள். கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்துக்குப் பகலில் சீட்டு. பருவ நாட்களில் மாலை வழிபாட்டுக்குப் போனால் இலவசம், பாட்டும் கேட்கலாம். ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகம் இலவசம், திங்கள் விடுமுறை.

கணக்கு வாத்தியார் அப்பாக்கள் ட்ரினிட்டியைத்தான் முதலில் கேட்பார்கள். 1914 முதல் 1919 வரை இங்கிலாந்தில் இருந்த ராமானுஜனின் கல்லூரி அது. அவருடைய தொலைந்துபோன நோட்டுப்புத்தகம் 1976-இல் அங்கே ரென் நூலகத்தில்தான் அகப்பட்டது. நூலகம் பார்வையாளர்களுக்குத் திறப்பது குறைந்த நேரமே, முன்பே பார்த்துவிட்டுப் போங்கள்.

படகுச் சவாரிக் கட்டணத்தைக் கிங்ஸ் பரேடு தெருவில் அட்டையோடு நிற்பவர்களிடம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். இணையத்தில் முன்பதிவு மலிவு, மழை வருமா என்று பார்த்துவிட்டுக் காலை நேரமாக எடுங்கள். உட்கார்வது தரை மட்டத்தில். முழங்கால் வலிக்காரர்களுக்கும் பட்டுப்புடவைக்கும் உகந்ததல்ல.

பட்டமளிப்புக்கு வந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. நான்கு நான்கு பேராக வந்து, கல்லூரி அதிகாரியின் வலக்கையில் ஆளுக்கொரு விரலைப் பிடித்து நிற்பார்கள், பிறகு ஒவ்வொருவராக மண்டியிடுவார்கள். எல்லாம் லத்தீனில், நொடிகளில் முடிந்துவிடும். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். உங்கள் பெயர் எந்த வரிசையில் வரும் என்று முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அப்பா அடுத்தவர் பிள்ளைக்குக் கைதட்டிக்கொண்டிருப்பார்.

13. திரும்பும்போது

விமான நிலையத்தில் ரசீதைக் காட்டி வரியைத் திரும்ப வாங்கலாம் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை, 2021-லேயே நிறுத்திவிட்டார்கள். ஹீத்ரோ போகும் சாலையில் நெரிசல் சகஜம், விமானத்துக்கு ஆறு மணி நேரம் முன்னால் கேம்பிரிட்ஜிலிருந்து கிளம்பும் பேருந்தைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ரயில் என்றால் பாதைப் பராமரிப்பு வேலை இருக்கிறதா என்று முந்தின இரவு பாருங்கள். இருந்தால் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள், நேரம் இரட்டிப்பாகும். ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் இரண்டு போர்டிங் பாஸையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, வந்த தேதி, போன தேதியோடு விசா விண்ணப்ப நகல் இருக்கும் அதே கோப்புறையில் போட்டுவையுங்கள். அடுத்த விண்ணப்பத்தில் அந்தத் தேதிகளைத்தான் கேட்பார்கள்.